கடந்தது 247 நாள், காத்தது 903 நாள்
ஏரி மண்ணில் எழுந்த ஆலைகள் – 14

1015ஆம் ஆண்டு. சீனத்தின் சோங் வம்சப் பேரரசர் சென்சோங்கின் அவையில் சோழநாட்டுத் தூதர்கள் நிற்கிறார்கள். தட்டு நிறைய முத்துகளைக் கொண்டுவந்து அரியணை முன்னால் கொட்டி வணங்குகிறார்கள். முத்தோடு யானைத் தந்தமும் சாம்பிராணியும் வந்திருந்தன. அவர்களை அனுப்பிவைத்த ராஜராஜன் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டான். சோழநாட்டை ஆண்டுகொண்டிருந்தவன் ராஜேந்திரன். தூதர்கள் கப்பலேறிய நாளில் ராஜராஜன் உயிரோடு இருந்தான். வழியில் அவர்களுக்குச் செய்தி எட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை நாளில் வந்தீர்கள் என்று சோங் அரசின் எழுத்தர்கள் கேட்டுக் குறித்துவைத்தார்கள். சோழக் கரையை விட்டு இரவும் பகலுமாக 77 நாள் ஓடி ஓரிடம். அங்கிருந்து 61 நாள். அதன்பின் 71 நாளில் ஸ்ரீவிஜயம். பிறகு 18 நாள். கடைசி 20 நாளில் குவாங்சௌ துறைமுகம். கூட்டினால் 247 நாள். ஆனால் அதே குறிப்பு, புறப்பட்ட நாளிலிருந்து குவாங்சௌவைத் தொட்டது வரை மொத்தம் 1,150 நாள் ஆயிற்று என்கிறது.

மிச்சமுள்ள 903 நாள் எங்கே போனது?

காற்றுக்காகக் காத்த நாள்கள் அவை. வங்கக் கடலைக் கிழக்கே கடக்க ஒரு பருவம் வேண்டும். மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சீனக் கடலில் வடக்கே ஏற இன்னொரு பருவம் வேண்டும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். கப்பலுக்குப் பழுது பார்த்த நாள், துறைமுகத்து அதிகாரியின் அனுமதிக்குக் காத்த நாள், சரக்கு மாற்றிய நாள் என்று வேறு கணக்குகளும் இதற்குள் இருந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் பயணம் ஒரு பங்கென்றால் காத்திருப்பு மூன்றரைப் பங்கு.

இந்தத் தூதுக்குழு குவாங்சௌ சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து, 1017இல், ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் பிறந்தார் என்பது வைணவ மரபு. அந்த ஊரைச் சுற்றி எழுந்த ஆலைகளின் கதையைத்தான் இந்தத் தொடரில் பார்த்து வருகிறோம். நிலம் எடுத்த கதையையும், சிப்காட் தொழிற்பேட்டைப் பலகை ஏறிய கதையையும், முதல் கம்பெனி பஸ் ஓடிய கதையையும் எழுதியாகிவிட்டது. இந்த முறை, இங்கே ஆலை வைத்தவர்கள் தங்கள் ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு அந்த 903 நாள்தான் நினைவுக்கு வருகிறது.

தூரத்தை நேரத்தால் அளப்பது நம்மிடம் பழைய வழக்கம். நாழிகை வழி என்றே ஓர் அளவு இருந்தது. ஒரு நாழிகையில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவு அது. ஏழரை நாழிகை வழி ஒரு காதம். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்குக்கும் இலங்கை எவ்வளவு தூரம் என்பதை இங்கிருந்தவர்கள் நாளில்தான் சொன்னார்கள்: கப்பலில் மூன்று நாள். ஏகாம்பரநாதர் கோபுர நிழலிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்று இன்றும் நாம் சொல்கிறோம். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால்தான் யோசிப்போம்.

தூரத்தைக் காலத்திலிருந்து பிரித்து, வெறும் தூரமாகத் துல்லியமாக அளந்த பெருவேலை ஒன்று எங்கே தொடங்கியது தெரியுமா? இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒரு சங்கிலியை விரித்தார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் அது நீளும், குளிரில் சுருங்கும். அதனால் மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளில் தாங்கி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்குத் திருத்தி அளந்தார்கள். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல். அதாவது 12 கிலோமீட்டர். அதை அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று.

அந்தச் சங்கிலிக்கு ஒரு முன்கதை உண்டு. 1793இல் பிரிட்டன் அனுப்பிய மெக்கார்ட்னி தூதுக்குழு, சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன கருவிகளில் அதுவும் ஒன்று. பேரரசர் அதை ஏற்கவில்லை. குழுவோடு போயிருந்த டின்விடி என்ற அறிவியலாளரிடம் தங்கி, கல்கத்தா வந்து, கடைசியில் லாம்டன் கைக்கு விலைக்கு வந்தது. சோழத் தூதர் கொண்டுபோன முத்தைச் சீனம் வாங்கிக்கொண்டது. ஆங்கிலேயர் கொண்டுபோன சங்கிலியைத் திருப்பி அனுப்பியது. திரும்பி வந்த சங்கிலி பரங்கிமலையில் விரிந்தது.

அந்த 12 கிலோமீட்டர் கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் துணைக்கண்டம் முழுவதும் அளக்கப்பட்டது. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. இன்று இரண்டு ஊர்களுக்கு நடுவில் விமான தூரம் எவ்வளவு என்று சொல்லும் கணக்கு, பூமியின் வளைவை இப்படி அளந்து அறிந்ததிலிருந்து வந்தது. உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோடுதான் விமான தூரம். பரங்கிமலைப் படிகளில் ஏறி மேலே நின்றால் மீனம்பாக்கத்து ஓடுபாதை கண்ணுக்கு நேரே கிடக்கும். மேலே லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலையும் இருக்கிறது. கீழே ஒரு விமானம் ஓடிக் கிளம்பும்போது, 57 நாள் உழைத்து அளந்த தொலைவை அது ஒரு நிமிடம் சொச்சத்தில் தாண்டப்போகிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

அந்த ஓடுபாதையின் கதையை முழுவதும் சொல்ல இங்கே இடமில்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டாஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்வித்து 1910இல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்ன விமானத்தில் கிளம்பினார். அகமதாபாத்தில் அதற்குப் பெட்ரோல், டின்களில் அடைத்து மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயில் அவர் இறங்கிக்கொள்ள, அங்கிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டிப் பெல்லாரியில் இறங்கி ஏறிச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபால் பறந்து வர அப்போது ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்திலும் பெரும்பகுதி தரையில் கழிந்ததுதான். இருட்டினால் இறங்கிவிட வேண்டும். விடிந்தால்தான் கிளம்பலாம்.

அதன்பின் ஜெட் விமானம் வந்தது. 1960இல் ஏர் இந்தியா போயிங் 707ஐ வாங்கியது. மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறந்தது. இன்றைய போயிங் 787உம் ஏறக்குறைய அதே வேகம்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆகாயத்தில் பயணிகள் விமானத்தின் வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆனால் பயண நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எங்கே குறைந்தது? காத்திருப்பில்தான்.

இனி இருங்காட்டுக்கோட்டைக்கு வருவோம்.

1996 மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் பதிவானது. பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. இரண்டு ஆண்டுக்குள் ஏரிப்பாசனப் பூமியில் ஒரு கார் ஆலை. அந்த இரண்டு ஆண்டில் கொரியாவிலிருந்து எத்தனை பொறியாளர், எத்தனை பொருத்துநர், எத்தனை மேற்பார்வையாளர் வந்து போயிருப்பார்கள்! அவர்களில் பலருக்குச் சொந்த ஆலை இருக்கும் ஊர் உல்சான். அது சியோலிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. இன்சியான் விமான நிலையம் 2001 மார்ச்சில்தான் திறந்தது. அதற்கு முன்பு சியோலின் கிம்போ நிலையத்துக்கு வந்து ஏற வேண்டும்.

சென்னைக்கும் சியோலுக்கும் விமான தூரம் சுமார் 5,300 கிலோமீட்டர். வங்கக் கடலைத் தாண்டி, மியான்மரின் மேல் ஏறி, சீனத்தின் யுன்னான் மலைகளைக் கடந்து, மஞ்சள் கடலைத் தொட்டு இறங்கும் கோடு அது. நேராகப் பறந்தால் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஆறரை, ஏழு மணி நேரம். இரவுச் சாப்பாட்டை முடித்துச் சென்னையில் ஏறினால் காலைச் சாப்பாட்டுக்குச் சியோலில் இறங்கலாம்.

ஆனால் ஆலை எழுந்த அந்த ஆண்டுகளில் அப்படி நேராகப் பறக்கும் வழக்கமான விமானம் இல்லை. சிங்கப்பூரில் இறங்கி மாற வேண்டும். சென்னை–சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூர்–சியோல் 4,600 கிலோமீட்டர். கூட்டினால் 7,500. கிட்டத்தட்ட நிலநடுக்கோடு வரை தெற்கே இறங்கி மறுபடி வடக்கே ஏறுகிற சுற்று. 2,200 கிலோமீட்டர் வீண். ஹாங்காங் வழியாகப் போனால் 5,800தான். நேர்கோட்டைவிடக் கொஞ்சமே அதிகம். டெல்லி வழியென்றால் 6,400. வரைபடத்தைப் பார்த்தால் ஹாங்காங்தான் அறிவான வழி. ஆனால் பயணச்சீட்டு வாங்குகிறவர் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த விமானத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று பார்ப்பார். ஹாங்காங்கில் எட்டு மணி நேரம் காத்திருப்பதைவிடச் சிங்கப்பூரில் இரண்டு மணி நேரத்தில் மாறுவது மேல். கிலோமீட்டர் கூடினாலும் நேரம் குறையும்.

ராஜராஜனின் தூதர்கள் மலாக்கா நீரிணை வழியாகத்தான் போனார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து ஹூண்டாய்ப் பொறியாளரும் அதே நீரிணை ஓரத்தில் இறங்கி மாறினார். அங்கே துறைமுகம் அமைந்ததற்குக் காற்று காரணம். விமான நிலையம் அவ்வளவு பெரிதானதற்குக் காரணம் வேறு. கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடம் என்பதால் நூறு ஊர்களிலிருந்து வருகிறவர்களை ஒன்றுசேர்த்து நூறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்ப முடிந்தது. சென்னையிலிருந்து சியோலுக்கு மட்டும் தினமும் ஒரு விமானம் நிறைய ஆள் கிடைக்காது. சிங்கப்பூருக்கு என்றால் கிடைக்கும். ஒரு பெருவிமானத்தில் 250, 300 இருக்கைகள். மழைக்காலம், பண்டிகைக்காலம் எதுவானாலும் அது நிறைய வேண்டும். எந்த நாட்டு விமானம் எந்த ஊருக்கு வாரத்தில் எத்தனை முறை வரலாம் என்பதை அரசுகள் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. இந்த இரண்டும் பொருந்தி வந்தால்தான் நேர் விமானம். தூரம் எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

மனிதர்கள் ஆகாய வழியில் வந்தார்கள். உதிரிப் பாகங்கள் கடல் வழியில் வந்தன. கொரியத் துறைமுகத்தில் கப்பலேறும் கன்டெய்னர் சென்னையில் இறங்க இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும். வருவதை வைத்துத்தான் ஆலையில் திட்டம் போடுவார்கள். ஏதாவது ஒரு சின்னப் பாகம் தீர்ந்துபோனால் போதும், அசெம்பிளி லைன் நின்றுவிடும். அந்தப் பயத்தில், கடலில் வர வேண்டியதை ஆகாயத்தில் வரவழைப்பார்கள். இந்தப் பகுதியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், ராத்திரியோடு ராத்திரியாக மீனம்பாக்கம் கார்கோவுக்கு ஓடிப் பெட்டி எடுத்துவந்த கதை ஒன்று வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் பொருளைவிட விமானக் கூலி அதிகமாக இருக்கும். லைன் நிற்பதைவிட அது மலிவு.

நேரத்தில் இன்னொரு வேறுபாடும் இருந்தது. கொரியக் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சியோல் தலைமை அலுவலகத்தில் காலை 9 மணிக்கு நாற்காலியில் அமரும்போது இங்கே விடியற்காலை 5.30. முதல் ஷிப்டுக்காகக் காஞ்சிபுரத்திலும் திருவள்ளூரிலும் அரக்கோணத்திலும் கம்பெனி பஸ்ஸுக்குச் சாப்பாட்டுப் பையோடு ஆட்கள் நிற்கும் வேளை அது. கொரியக் கம்பெனி என்றாலே காலையில் சீக்கிரம் போன் வரும் என்பது ஸ்ரீபெரும்புதூரில் ஊறிப்போன பேச்சு. இங்கே மாலை ஷிப்ட் சூடு பிடிக்கும்போது அங்கே ராத்திரி. சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. ஐயாயிரம் கிலோமீட்டர் என்பது இங்கு வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் தெரிந்தது. மாலை ஐந்து மணிக்குமேல் பதில் வராத தூரம் அது.

நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று முடிவானதற்குப் பின்னாலும் மதராஸ் இருக்கிறது. 1906க்கு முன்பு இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் சொன்ன நேரம் அது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். பிறகு ஒன்பது நிமிடம் சேர்த்து ஐந்தரை ஆக்கினார்கள்.

பக்கத்து ஒரகடத்துக்கு ஜப்பானியர் வந்த கதை சற்றே வேறு. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான் ஆலை அங்கே திறக்கப்பட்டது. கோமாட்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. வல்லம் வடகாலில் யமஹா 2015இல் வந்தது. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் ஜப்பானியக் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சென்னைக்கும் டோக்கியோவின் நரிட்டாவுக்கும் 6,500 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியென்றால் 8,300.

ஆட்கள் பெருகப் பெருகக் கணக்கு மாறியது. 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நரிட்டா–சென்னை நேர் விமானத்தைத் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று முறை, போயிங் 787இல். தென்னிந்தியாவையும் ஜப்பானையும் நேராக இணைத்த முதல் சேவை. கிழக்கே போகும்போது சுமார் 8 மணி நேரம். மேற்கே திரும்பும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடும். குளிர்காலத்தில் இமயத்துக்குத் தெற்கிலும் சீனத்தின் மேலும் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றாறு ஒன்று உண்டு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு இருநூறு கிலோமீட்டரையும் தாண்டி வீசும். போகும்போது அது முதுகில் தள்ளும், வரும்போது நெஞ்சில் மோதும். சோழக் கப்பல் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்தது. இந்த விமானம் காத்திருக்கவில்லை. ஆனால் காற்றுக்கு இரண்டு மணி நேரம் கப்பம் கட்டியது.

ஓர் ஊரின் தொழில் வளர்ச்சியைப் பற்றி ஆயிரம் பக்க அறிக்கை எழுதலாம். ஒரு நேர் விமானம் வந்து இறங்குவது அவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சான்று என்று நான் கருதுகிறேன். யாரோ ஒருவர் தன் பணத்தை வைத்து, இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பவர்கள் இனி காத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னதுபோல அது.

ஐந்து மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. மார்ச் 22 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் இந்தியாவில் இறங்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. நரிட்டா விமானமும் நின்றது. எட்டு மணி நேரத் தொலைவில் இருந்த வீடு ஒரே வாரத்தில் எட்ட முடியாத இடமாயிற்று. ஒரகடத்துக் குடியிருப்புகளில் அடைந்துகிடந்த ஜப்பானியருக்கும் கொரியருக்கும், பிள்ளையைப் பார்க்க முடியாமல் துபாயில் மாட்டிக்கொண்ட நம் ஊர்க்காரருக்கும் அன்று ஒரே நிலைதான். 1012இல் ஏதோ ஒரு துறைமுகத்தில் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சோழ மாலுமியும் அவர்களுக்கு உறவு. 

கொரிய, ஜப்பானியப் பயணங்களோடு ஜெர்மனியை ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஒரகடத்தில் டைம்லர் நிறுவனம் பாரத்பென்ஸ் லாரி ஆலையை 2012 ஏப்ரலில் திறந்தது. சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் 7,600 கிலோமீட்டர். சியோலைவிட 2,300 கிலோமீட்டர் அதிகம். ஆனால் அங்கிருந்து லுஃப்தான்சா நேராகச் சென்னைக்கு வருகிறது. பத்து மணி நேரம். சிங்கப்பூரில் மாறிச் சியோல் போகிறவருக்குப் பறக்கும் நேரம் மட்டுமே பத்தரை மணி. இடையில் உட்காரும் நேரம் தனி. ஆகவே ஒரகடத்தில் நிற்கும் ஒருவருக்குச் சியோலைவிட ஃபிராங்ஃபர்ட் பக்கம். லாம்டன் சங்கிலி இதை ஒப்புக்கொள்ளாது. நாழிகை வழி என்று சொன்ன நம் முன்னோர் ஒப்புக்கொள்வார்கள்.

ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆகாயத்தில் மிக அதிகமாகப் பயணம் செய்தது மனிதர்கள் இல்லை, செல்போன்கள்.

கார் கப்பலில்தான் போகும். ஒரு டன் எடையை விமானத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. செல்போன் கைக்குள் அடங்கும். கிலோவுக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் என்று மதிப்பு. நாள் ஆக ஆக அதன் விலை இறங்கும், கடலில் மூன்று வாரம் மிதக்கவிட முடியாது. அதனால் 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் போன்கள் மீனம்பாக்கம் வழியாகப் பறந்தன. 2014 நவம்பர் 1இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. வேலை இழந்த பெண்களின் கதையை இந்தத் தொடரில் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். மூடிய அந்த ஆலையைப் பிறகு சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஐபோனுக்கான சார்ஜர் செய்யும் நிறுவனம் அது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களையே செய்தது.

2025 மார்ச்சிலிருந்து சில வாரங்கள் நடந்ததை இந்த வரலாற்றில் சேர்த்தே ஆக வேண்டும். அமெரிக்க அதிபர் டிரம்ப் இறக்குமதி வரியை உயர்த்தப் போகிறார் என்ற நிலையில், ஆப்பிள் நிறுவனம் சரக்கு விமானங்களைத் தனியாக வாடகைக்கு எடுத்துச் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஐபோன்களை அனுப்பியது. ஏப்ரலில் வந்த செய்திப்படி ஏறத்தாழ 600 டன், சுமார் 15 லட்சம் போன்கள். பெட்டியோடும் கம்பியோடும் ஒரு போன் 350 கிராம். ஒவ்வொன்றும் 100 டன் கொள்ளும் ஆறு விமானங்கள்.

இதில் என்னை நிறுத்தியது விமானங்களின் எண்ணிக்கை அல்ல. சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அனுமதிக்கு வழக்கமாக ஆகும் 30 மணி நேரத்தை 6 மணி நேரமாகக் குறைக்க ஏற்பாடு செய்தார்கள் என்ற செய்தி. 24 மணி நேரம் மிச்சம்! அமெரிக்காவை எந்த விமானமும் 24 மணி நேரம் கிட்டே இழுத்துவர முடியாது. ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு கூட இதில் கால்வாசியை மிச்சப்படுத்தியிருந்தால் அதிகம். முத்திரையும் கையெழுத்தும் அடங்கிய ஒரு மேசையில் அதைச் செய்துவிட்டார்கள். ஒரே நாளில் முடிகிற இந்த வேலைக்கு மற்ற சரக்குகள், சிறு தொழிற்சாலைகளின் பெட்டிகள், இத்தனை ஆண்டுகளாக 30 மணி நேரம் ஏன் காத்துக் கிடந்தன என்று யாராவது விளக்க வேண்டும். அம்பத்தூரிலும் காக்களூரிலும் நாலைந்து பேரை வைத்து உதிரிப் பாகம் செய்கிறவருக்கும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான்.

ஆகாயத்திலும் மேசையிலும் நேரம் குறைந்தது. சாலையில் குறையவில்லை. மீனம்பாக்கத்திலிருந்து ஒரகடம் சுமார் 35 கிலோமீட்டர். இரவு இரண்டு மணிக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஷிப்ட் மாறும் வேளையில் வண்டலூரிலும் படப்பையிலும் மாட்டினால் இரண்டு மணி நேரம். ஹாங்காங்கிலிருந்து சென்னைக்குப் பறந்து வரும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த 35 கிலோமீட்டர் தின்றுவிடும்.

இந்த நெருக்கடிக்குத் தீர்வாகச் சொல்லப்பட்டதுதான் பரந்தூர். 2022 ஆகஸ்டில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் அமையும் என்று அறிவித்தார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் பக்கம். ஒரகடத்து ஆலைகளுக்கும் ஃபாக்ஸ்கானுக்கும் பக்கம். வரைபடத்தில் எல்லாம் பொருந்துகிறது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். பத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் நிலம் போகும். ஏகனாபுரம் கிட்டத்தட்ட முழுவதும் போகும். நெல் விளையும் பூமியும் ஏரிகளும் அதற்குள் அடக்கம். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசின் கொள்கையளவு ஒப்புதலும் கிடைத்தது.

அந்த இடத்தின் ஊடாகக் கம்பன் கால்வாய் போகிறது. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு வந்து கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்க்கும் கால்வாய். பல்லவ மன்னன் கம்பவர்மன் பெயரைத் தாங்கியது என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வருவதற்கு முன்பு, விமானம் என்றதும் கோயில் விமானம் நினைவுக்கு வந்த காலத்திலிருந்து, இந்தப் பகுதியில் தூரத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தது அந்தத் தண்ணீர்தான். பாலாற்றில் வெள்ளம் வந்தால் எத்தனை நாளில் நம் ஏரிக்கு வரும் என்று கணக்கு வைத்திருந்த நீர்க்கட்டியார்கள் இருந்தார்கள்.

நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று, முறையான அறிவிப்பு வருவதற்கு முன்பே, ஏகனாபுரத்து மக்கள் 2022 ஜூலை 26இல் உட்கார்ந்தார்கள். பகலில் வயலுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டு வந்து, பொழுது சாய்ந்தபின் ஊர் நடுவில் கூடுவார்கள். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். உலகத்தின் காத்திருப்பைக் குறைக்க எடுக்கப்படும் நிலத்தின் சொந்தக்காரர்கள் அவர்கள். தங்களுக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளையும் எண்ணினார்கள். 2025 ஜனவரியில் அந்த எண்ணிக்கை 903ஐத் தாண்டியது.

(தொடரும்)